பிரிட்டிஷ் ராப்: முதலில் கேட்க ஐந்தில் எந்த ஆல்பம்?

பிரிட்டிஷ் ஹிப்-ஹாப்பை எதில் தொடங்கலாம் என்று தேடினால் ஐம்பது, நூறு ஆல்பங்கள் கொண்ட பட்டியல்கள்தான் வந்து விழும். அவ்வளவையும் யாரும் கேட்கப் போவதில்லை. முதலில் கேட்கும் ஆல்பம் மனதில் ஒட்டினால் அடுத்ததைத் தேடிப் போவோம். ஒட்டாவிட்டால் இது நமக்குச் சரிப்படாது என்று அத்தோடு விட்டுவிடுவோம். அதனால் அந்த முதல் ஆல்பம் எது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். எமினெம், டூபாக், கென்ட்ரிக் லமார் என்று அமெரிக்க ராப் ஓரளவு கேட்டுப் பழகியவர், ஆனால் பிரிட்டன் பக்கம் இன்னும் போகாதவர்: அவரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

போட்டியில் இருப்பவை ஐந்து. ரூட்ஸ் மனூவாவின் 'ரன் கம் சேவ் மீ' (2001), தி ஸ்ட்ரீட்ஸின் 'ஒரிஜினல் பைரேட் மெட்டீரியல்' (2002), டிஸீ ராஸ்கலின் 'பாய் இன் டா கார்னர்' (2003), டேவின் 'சைக்கோடிராமா' (2019), லிட்டில் சிம்ஸின் 'கிரே ஏரியா' (2019). ஐந்துமே நல்ல ஆல்பங்கள். ஆனால் நல்ல ஆல்பமும் முதல் ஆல்பமும் ஒன்றல்ல. அமெரிக்காவில் கிடைக்காத எது இதில் கிடைக்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி. அது தெளிவாகக் காதில் விழவில்லை என்றால், கடல் தாண்டி இங்கே வந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தத் தனித்தன்மை எங்கிருந்து வந்தது? 1980களில் பிரிட்டனில் ராப் பாட வந்தவர்களில் பலர் நியூயார்க் உச்சரிப்பிலேயே பாடினார்கள். வீட்டிலும் தெருவிலும் ஒரு பேச்சு, மைக் முன்னால் வேறு பேச்சு. ஆனால் அதே லண்டனில் ஏற்கெனவே இன்னொரு மரபு வேர்விட்டிருந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் கூடவே கொண்டுவந்த சவுண்ட் சிஸ்டம் அது. ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, ரெக்கே இசைத்தட்டில் பாட்டில்லாத பக்கத்தைச் சுழலவிட்டு, அதன் மேல் மைக் பிடித்துத் தாளத்தோடு பேசுவார்கள். அங்கே பாட்டுக்கு முதுகெலும்பு பேஸ்தான், அதாவது தாழ்ந்த சுருதியில் அதிரும் அடி ஒலி. காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் இடிக்க வேண்டும்.

சாக்ஸன் என்ற லண்டன் சவுண்ட் சிஸ்டத்திலிருந்து வந்த ஸ்மைலி கல்ச்சர் 1984இல் 'காக்னி டிரான்ஸ்லேஷன்' என்று ஒரு பாட்டு வெளியிட்டார். கிழக்கு லண்டன் தொழிலாளியின் பேச்சையும் ஜமைக்கப் பேச்சையும் வரிக்கு வரி மாற்றி மாற்றிப் பாடுவார். இரண்டும் ஒரே வாயிலிருந்து சரளமாக வரும், ஏனென்றால் அவர் வளர்ந்த தெருவில் இரண்டும்தான் புழங்கின. அதை ஹிப்-ஹாப்புக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் லண்டன் பாஸி குழுவினர். 1990இல் வந்த அவர்களுடைய 'கேங்ஸ்டர் கிரானிக்கிள்' ஆல்பத்தில் லண்டன்காரர்கள் லண்டன்காரர்களாகவே பேசினார்கள். வரலாற்றுக்காக அதைக் கட்டாயம் ஒருநாள் கேட்க வேண்டும். ஆனால் முதல் ஆல்பமாகத் தர மாட்டேன். அந்தக் காலத்து டிரம் ஒலி இன்று புதிதாக வருபவரைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தும்.

ஆக, சொந்தக் குரல், சவுண்ட் சிஸ்டத்து பேஸ். இந்த இரண்டையும் வைத்து ஐந்தையும் பார்க்கலாம். கூடவே, நம் காதுக்குப் பேச்சு எவ்வளவு பிடிபடும் என்பதையும் சேர்த்துக்கொள்வோம்.

'ஒரிஜினல் பைரேட் மெட்டீரியல்' முதலில். பெரும்பாலானோர் புதியவர்களுக்குச் சொல்வது இதைத்தான், காரணமும் உண்டு. தி ஸ்ட்ரீட்ஸ் என்பது அப்போது ஏறக்குறைய மைக் ஸ்கின்னர் என்ற ஒரே ஆள். பர்மிங்ஹாமில் வளர்ந்தவர். ஆல்பத்தின் பெரும்பகுதியைத் தெற்கு லண்டனில் வாடகைக்கு இருந்த அறையில், ஒரு லேப்டாப்பில் செய்தார். துணி அலமாரியைக் காலி செய்து அதற்குள் நின்று பாடினார்; எதிரொலி வராமலிருக்க மெத்தையும் போர்வையும். அந்த அறையின் நெருக்கம் பாட்டிலும் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கதை சொல்வது போல இருக்கும். ராப் என்று சொல்வதே சிலருக்கு உறுத்தும். அவ்வளவு சாதாரணமான பேச்சு நடை.

அடியில் ஓடுவது காரேஜ். 1990களின் பிற்பகுதியில் லண்டன் கிளப்களிலும் பைரேட் ரேடியோக்களிலும் கொடிகட்டிப் பறந்த நடன இசை. நான்கு அடியிலும் டிரம் விழாமல், நடுவே ஓர் அடியை விட்டுவிட்டுத் துள்ளும் தாளம். பைரேட் ரேடியோ என்றால் உரிமம் இல்லாமல் நடக்கும் வானொலி. அடுக்குமாடிக் கட்டடங்களின் மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டு ஒலிபரப்புவார்கள், அதிகாரிகள் வந்து பறிமுதல் செய்தால் வேறு கட்டடத்துக்கு மாறுவார்கள். ஆல்பத்தின் பெயரில் இருப்பது அந்த உலகம்தான். அட்டைப்படமும் இரவில் விளக்கெரியும் ஓர் அடுக்குமாடிக் கட்டடம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'தி ஐரனி ஆஃப் இட் ஆல்'. டெர்ரி என்பவன் பீர் குடித்துவிட்டுச் சண்டை போடுபவன், ஆனால் சட்டப்படி நடக்கும் குடிமகன் என்று பெருமை பேசுகிறான். டிம் என்பவன் அறையில் அமைதியாகக் கஞ்சா புகைக்கும் மாணவன், ஆனால் சட்டத்தின் கண்ணில் அவன்தான் குற்றவாளி. இரண்டு பேருக்கும் ஸ்கின்னரே குரல். டெர்ரி வரும்போது இசை முரட்டுத்தனமாகவும் டிம் வரும்போது மென்மையாகவும் மாறும். ஒரு மேடை நாடகத்தின் வேலையை ஒரு பாட்டு செய்துவிடுகிறது.

பேச்சும் ஐந்தில் சுலபமாகப் பிடிபடுவது இதுதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் சொல் புரிந்தாலும் சங்கதி புரிய நேரமாகும். பப், சிப்ஸ் கடை, ரேவ் இரவுகள் என்று 2002இன் பிரிட்டிஷ் இளைஞன் வாழ்க்கையைத் தெரிந்தவரோடு பேசுவதாகவே வரிகள் போகும். பேஸும் இதில் இரண்டாம் இடம்தான். கதை கேட்க விரும்புபவருக்கு இதை மனதாரத் தருவேன். அந்த ஒலி எப்படிப்பட்டது என்று அறிய வருபவருக்குத் தர மாட்டேன்.

'பாய் இன் டா கார்னர்' வேறு ரகம். டிஸீ ராஸ்கல், இயற்பெயர் டிலன் மில்ஸ், கிழக்கு லண்டனில் போ என்ற பகுதிப் பையன். கானாவிலிருந்து வந்த தாய்தான் வளர்த்தார். பள்ளியில் ஓர் இசை ஆசிரியர் கணினியில் இசையமைக்க இடம் கொடுத்தார். 'ஐ லவ் யூ' பாட்டைச் செய்தபோது வயது 16. ஆல்பம் 2003 ஜூலையில் வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில் மெர்க்குரி பரிசு கிடைத்தது. பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களில் ஆண்டுக்கு ஒன்றுக்குத் தரப்படும் பரிசு அது. மேடையேறியபோது 19 வயது நிறைய இன்னும் சில நாள் இருந்தது.

இந்த இசைக்குப் பெயர் கிரைம். (இனி இங்கே கிரைம் என்று வருமிடமெல்லாம் இசை வகைதான், குற்றம் அல்ல.) காரேஜிலிருந்து பளபளப்பையும் பாடகிகளின் இனிமையையும் உருவி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் எலும்புக்கூட்டை நிமிடத்துக்கு 140 அடி வேகத்தில் ஓடவிட்டால் வருவது. அமெரிக்க ராப் பெரும்பாலும் 90 அடி பக்கம் நடக்கும். அந்த நடைக்குப் பழகிய காதுக்கு இது முதலில் மூச்சு வாங்கும். வேகத்துக்கும் காரணம் இருக்கிறது. பைரேட் ரேடியோவில் ஒரு சின்ன அறைக்குள் மைக் பிடித்துப் பாடும் எம்சிக்கள் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து நிற்பார்கள், மைக் ஒன்றுதான் சுற்றி வரும். தன் முறை வரும்போது 16 வரிகளுக்குள் ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். நன்றாக அமைந்துவிட்டால் டிஜே இசைத்தட்டைப் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து போடுவார். அதற்காகத்தான் அத்தனை போட்டியும்.

'ஐ லவ் யூ'வைக் கொஞ்சம் கிட்டப் போய்க் கேளுங்கள். பேஸ் உருண்டையாக இல்லை. தகரத்தைக் கிழிப்பது போல முனை முனையாக வரும். அதன் மேல் ஒரு பையன் கேலி பேசுகிறான். காதல், கர்ப்பம், பொறுப்பு என்று பேச்சு முற்றும்போது, அவனுக்குக் கொஞ்சமும் குறையாமல் ஒரு பெண் குரல் பதிலடி கொடுக்கிறது. யார் பக்கமும் நியாயம் தீர்க்காமல் பாட்டு முடிந்துவிடும். தொடக்கப் பாட்டான 'சிட்டின் ஹியர்' நேர்மாறு: ஒரு மூலையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும் பையன், இந்த வயதிலேயே எல்லாம் சலித்துப் போனது போன்ற குரல். போவின் அடுக்குமாடிகளிலிருந்து பார்த்தால் கேனரி வார்ஃபின் வங்கிக் கோபுரங்கள் தெரியும். அந்தப் பணம் ஒன்றும் இந்தப் பக்கம் வரவில்லை. அதை அவன் எங்கும் பிரசங்கமாகச் சொல்லவில்லை, ஆனால் ஆல்பம் முழுக்க அந்தக் கோபம் கொதிக்கிறது.

பிரிட்டனுக்கே உரிய ஒலி என்ற கணக்கில் பார்த்தால் ஐந்தில் முதலிடம் இதற்குத்தான், சந்தேகமே இல்லை. இப்படி ஒரு சத்தம் வேறெந்த நாட்டிலும் அப்போது இல்லை. ஆனாலும் முதல் ஆல்பமாக எடுத்துக் கொடுக்க யோசிப்பேன். குரல் உச்சத்தில் கிறீச்சிடும், சொற்கள் பாதி விழுங்கப்படும், இசை பிடிமானம் தராது. 'ஃபிக்ஸ் அப், லுக் ஷார்ப்' ஒன்றுதான் அமெரிக்கக் காதுக்கு உடனே இடம் கொடுக்கும். அதன் டிரம் பில்லி ஸ்குயர் என்ற அமெரிக்க ராக் பாடகரின் பழைய பாட்டிலிருந்து எடுத்தது. பங்க், இன்டஸ்ட்ரியல் என்று கரடுமுரடான இசை ஏற்கெனவே பிடித்தவர் மட்டும் தயங்காமல் இதிலேயே தொடங்கலாம்.

பட்டியலில் 2003 வரை வந்த மூன்றுக்கும் 2019இல் வந்த இரண்டுக்கும் நடுவே 16 ஆண்டு இடைவெளி விட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் நல்ல ஆல்பம் வரவில்லை என்று அர்த்தமில்லை. கேனோவின் 'ஹோம் ஸ்வீட் ஹோம்' 2005இல் வந்தது. ஸ்பீச் டெபெல் 2009இல் மெர்க்குரி வென்றார். ஆனால் கிரைம் கலைஞர்களுக்கு மேடை கிடைப்பதே பாடாக இருந்தது. லண்டன் காவல்துறை 2005இல் 'படிவம் 696' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நிகழ்ச்சி நடத்துபவர் பாடுபவர்களின் விவரம், இசை வகை எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வருபவர்கள் எந்த இனத்தவர் என்ற கேள்விகூடத் தொடக்கத்தில் இருந்தது. பல கிளப்கள் கிரைம் நிகழ்ச்சியே வேண்டாம் என்று ஒதுங்கின. 2017இல்தான் அந்தப் படிவத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் டாட்டன்ஹாம் பகுதியைச் சேர்ந்த ஸ்கெப்டா, 80 பவுண்டில் எடுத்த வீடியோவோடு 2014இல் விருது வாங்கி, 2016இல் பெரிய நிறுவனம் எதையும் சாராமல் வெளியிட்ட 'கொன்னிச்சிவா'வுக்கு மெர்க்குரியும் வென்றிருந்தார். கதவு திறந்தது அப்போதுதான். டேவும் சிம்ஸும் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள்.

டேவின் 'சைக்கோடிராமா' ஒரு மனநல ஆலோசனை அமர்வாகத் தொடங்கும். ஆலோசகர் குரல் தேதி சொல்லி, இது நம் முதல் அமர்வு என்று அறிவிக்கும். அங்கிருந்து தெற்கு லண்டன் பையன் ஒருவன் தன்னைத் திறந்து வைக்கிறான்: தந்தை இல்லாத வீடு, சிறையில் இருக்கும் அண்ணன், தோலின் நிறம், பணம் வந்த பின்னும் போகாத தனிமை. உச்சரிப்பு கண்ணாடி போலத் தெளிவு. 'லெஸ்லி' என்ற பாட்டு 11 நிமிடம். ரயிலில் தினமும் பார்க்கும் ஒரு பெண், வீட்டில் அவள் படும் கொடுமை என்று ஒரு சிறுகதையாகவே விரியும். 2019 மெர்க்குரியும் 2020 பிரிட் விருதும் இதற்குத்தான். வரிகளுக்காக மட்டும் ராப் கேட்பவர் என்றால் மேலே சொன்னதெல்லாம் விட்டுவிட்டு இதை எடுக்கலாம். ஆனால் இதன் அடித்தளம் பியானோ. பாட்டுக்குப் பாட்டு கனம் ஏறிக்கொண்டே போகும். வேலை செய்துகொண்டே கேட்கும் ஆல்பம் அல்ல.

'கிரே ஏரியா'வுக்கு இங்கே இன்னும் கொஞ்சம் இடம் தர வேண்டும். லிட்டில் சிம்ஸ், அதாவது சிம்பியாட்டு அஜிகாவோ, வடக்கு லண்டன் இஸ்லிங்டனில் நைஜீரியக் குடும்பத்தில் பிறந்தவர். 2022இல் அவருக்கு மெர்க்குரி வாங்கித் தந்தது 'சம்டைம்ஸ் ஐ மைட் பி இன்ட்ரோவர்ட்'. வாத்தியக் குழு, இடையிடையே உரைகள் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பிரம்மாண்டம். அதைவிட்டு இதை ஏன் எடுத்தேன் என்றால், இதில் பத்தே பாட்டு, 35 நிமிடம், ஒரு நொடிகூட வீண் இல்லை. சிறுவயதிலிருந்து பழகிய இன்ஃப்ளோதான் தயாரிப்பாளர். நிஜ டிரம்மும் நிஜ பேஸ் கிட்டாரும் சேர்ந்து வாசித்த ஒலி. 'பாஸ்' பாட்டில் அந்த பேஸ் கிட்டார் கரகரத்துக்கொண்டே முன்னால் வந்து நிற்கும்; சிம்ஸின் குரலும் வேண்டுமென்றே பழைய மைக்கில் பதிந்தது போல நெரிந்து ஒலிக்கும். '101 எஃப்எம்' பாட்டில் வீடியோ கேம் போன்ற ஒரு சின்ன மெட்டு, மேலே சிறுவயது நினைவுகள். தலைப்பே மறுபடியும் அந்த ரேடியோ காலத்துக்கு இழுத்துப் போகிறது. உச்சரிப்பும் தெளிவு. ஐந்தில் குறைகள் மிகக் குறைந்தது இதுதான். ஒரே தயக்கம்: அமெரிக்க சோல், ஜாஸ் வாசனையும் இதில் கலந்திருப்பதால், பிரிட்டனின் தனி ஒலி எது என்று புதியவர் பிரித்துப் பார்ப்பது கடினம்.

கடைசியாக 'ரன் கம் சேவ் மீ'. என் தேர்வு இதுதான். ரூட்ஸ் மனூவா, இயற்பெயர் ரோட்னி ஸ்மித், தெற்கு லண்டன் ஸ்டாக்வெல்லில் ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை பெந்தெகொஸ்தே சபைப் போதகர். 'சின்னி சின் சின்ஸ்' பாட்டில் அந்தக் கண்டிப்பான வீட்டைப் பற்றிப் பேசுவார், கோபமும் பாசமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். கனத்த, அவசரமில்லாத குரல். போதகரின் ஏற்ற இறக்கமும் சவுண்ட் சிஸ்டத்தில் மைக் பிடிப்பவரின் ராகமும் அதில் ஒன்றாகவே வரும்.

'விட்னஸ் (1 ஹோப்)' ஒன்று போதும், நான் என்ன சொல்கிறேன் என்று புரிய. தொடங்கியதும் ஒரு சின்தசைசர் பேஸ். தடித்து, லேசாகக் கரகரத்து, ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப வரும். அதற்கு மேலே அலங்காரம் எதுவும் கிடையாது. அந்த ஒற்றை பேஸ் சவுண்ட் சிஸ்டத்தின் நேர் வாரிசு; ஆனால் ரெக்கே அல்ல, அமெரிக்க ஹிப்-ஹாப்பும் அல்ல. அதன் மேல் அவர் பேசுவது என்ன தெரியுமா? பிரட் டோஸ்ட்டில் உருக்கிய சீஸ், பப்பில் குடிக்கும் பிட்டர் பீர். ஷாம்பெயினும் கார்களும் ராப்பை ஆண்டுகொண்டிருந்த நேரத்தில் தன் சமையலறையில் இருப்பதையே கம்பீரமாகச் சொன்னார். வீடியோவில் தான் படித்த தொடக்கப் பள்ளிக்குத் திரும்பிப் போய், விளையாட்டு விழாவில் குழந்தைகளோடு போட்டி போட்டு ஓடுவார். யாரையும் போலச் செய்யத் தேவையில்லாத ஒருவரின் நிம்மதி அது.

ஜமைக்கச் சொற்கள் சில புரியாது. ஆனால் நிதானமாகப் பேசுகிறார், அதனால் இரண்டாம் முறை கேட்கும்போதே பாதி பிடிபட்டுவிடும். குறை என்றால் நீளம். நடுவில் இரண்டு மூன்று பாட்டுகளை எடுத்திருந்தால் ஆல்பம் இன்னும் இறுகியிருக்கும். 2002 மெர்க்குரி இறுதிப் பட்டியலில் இதுவும் 'ஒரிஜினல் பைரேட் மெட்டீரியல்'லும் ஒன்றாக இருந்தன. பரிசு மிஸ் டைனமைட்டின் 'எ லிட்டில் டீப்பர்' ஆல்பத்துக்குப் போனது. ஸ்ட்ரீட்ஸும் டிஸீயும் அடைந்த புகழை ரூட்ஸ் மனூவா அடையவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

எம்.ஐ.ஏ. எங்கே என்று கேட்பீர்கள். மாதங்கி மாயா அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, சிறுவயதை ஈழத்தில் கழித்து, போர்ச் சூழலில் திரும்ப லண்டன் வந்தவர். தந்தை பெயரில் 'அருளர்' (2005), தாய் பெயரில் 'கலா' (2007). 'பர்ட் ஃப்ளூ' பாட்டில் உறுமி மேளம் அதிரும்போது தமிழ்க் காதுக்கு விளக்கமே தேவைப்படாது. ஆனால் உலகத்தின் பல மூலைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இசை அது. பிரிட்டிஷ் ராப்புக்கு வாசலாக வைத்தால் இரண்டையுமே தவறாகப் புரிந்துகொள்வோம். தனியாகக் கேட்க வேண்டியவர்.

ஒரு நடைமுறை விஷயம். இந்த ஐந்தில் எதையும் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் அப்படியே காணாமல் போகும். 'விட்னஸ்' வெறும் பேச்சாகத்தான் கேட்கும். சுமாரான ஹெட்போன் இருந்தாலே போதும். ஐந்திலும் கெட்ட வார்த்தைகள் வரும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அதற்கும் ஹெட்போன்தான் வழி.

'ரன் கம் சேவ் மீ' கேட்டபின் எங்கே போவது என்பது எந்தப் பாட்டு பிடித்தது என்பதைப் பொறுத்தது. 'விட்னஸ்' பேஸ் பிடித்திருந்தால் நேராக 'பாய் இன் டா கார்னர்' போங்கள். காது இப்போது தயாராக இருக்கும். அந்த பேஸ் இன்னும் வேண்டும் என்றால், 2002இல் வந்த 'டப் கம் சேவ் மீ' இருக்கிறது: அதே ஆல்பத்தின் பாட்டுகள் சிலவற்றை எதிரொலியும் வெற்றிடமுமாகக் கலைத்துப் போட்ட டப் வடிவம். 'சின்னி சின் சின்ஸ்' மாதிரி மனம் திறந்த பேச்சு பிடித்திருந்தால் அடுத்தது 'கிரே ஏரியா'. அதுவும் பிடித்துவிட்டால் 'சைக்கோடிராமா'வுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, 'லெஸ்லி' ஓடும் 11 நிமிடமும் வேறு எதையும் கையில் எடுக்காமல் உட்கார்ந்து கேளுங்கள்.